அசல் ஏன் அசையவில்லை?

படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்து, கல்விக்கடனுக்கு ஓராண்டு தவணை கட்டியவர்கள் வங்கி அறிக்கையைக் கையில் எடுத்ததும் திகைத்துப் போகிறார்கள். வாங்கிய கடன் ஐந்து லட்சம். மாதத் தவணை 7,173 ரூபாய்ச் சொச்சம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பன்னிரண்டு மாதத்தில் கட்டிய தொகை 86,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால் பாக்கி 4,72,434 ரூபாய் என்று அறிக்கை சொல்கிறது. அசலில் கழிந்தது 27,566 ரூபாய்தான். மீதி ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் எங்கே போனது?

வீட்டுக்கடன் கட்டும் பெற்றோர்களும் இதையேதான் கேட்கிறார்கள். சிலர், வங்கி ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர், இந்தக் கணக்கெல்லாம் நமக்குப் புரியாது என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வருத்தம் தருகிறது. ஏனென்றால் இதில் தொடக்கப்பள்ளிக் கணக்கைத் தாண்டி எதுவும் இல்லை. ஒரு பெருக்கல், இரண்டு கழித்தல். அதையே 120 முறை செய்ய வேண்டும். ஒரே வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்வதில் கணினிக்கு இணை இல்லை. எனவே கடன் எப்படி நடக்கிறது, கணினி எப்படிக் கணக்கிடுகிறது என்ற இரண்டையும் இங்கே ஒன்றாகவே பார்த்துவிடலாம்.

நூற்றுக்கு ஒரு ரூபாய்

நம் எடுத்துக்காட்டு இதுதான்: கடன் 5,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம், பத்து ஆண்டில் கட்டி முடிக்க வேண்டும். 12 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்குச் சரியாக ஒரு சதவீதம் வருகிறது. ஊர்ப்பக்கத்தில் இதை ‘ஒரு வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வங்கி, வட்டியை ஆண்டுக் கணக்கில் சொல்கிறது; கைமாற்றாகவோ வட்டிக்கோ கொடுப்பவர் மாதக் கணக்கில் சொல்கிறார். “மூணு வட்டிதான் தம்பி” என்று கேட்கும்போது வங்கியின் பன்னிரண்டைவிட மூன்று சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அது ஆண்டுக்கு 36 சதவீதம். வட்டி என்று எந்த எண் காதில் விழுந்தாலும், அது மாதத்துக்கா ஆண்டுக்கா என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

மூன்று மாதம் கையால்

வங்கி பின்பற்றும் விதி மிக எளிது. மாத முடிவில், அன்றுள்ள பாக்கியில் நூற்றில் ஒரு பங்கு வட்டியாகிறது. நீங்கள் கட்டும் தவணையிலிருந்து முதலில் அந்த வட்டி எடுத்துக்கொள்ளப்படுகிறது. மிஞ்சியது மட்டும் அசலில் கழிகிறது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். படிப்பதற்கும் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதல் மாதம். பாக்கி 5,00,000. அதில் நூற்றில் ஒரு பங்கு 5,000 ரூபாய், இது வட்டி. தவணை 7,173.55 ரூபாய். வட்டி போக மிஞ்சுவது 2,173.55. அதைக் கழித்தால் புதிய பாக்கி 4,97,826.45.

இரண்டாம் மாதம். இப்போது வட்டி 4,97,826.45 ரூபாய்க்கு மட்டும்தான். அது 4,978.26. தவணை மாறவில்லை. ஆகவே அசலுக்குப் போவது 2,195.29. புதிய பாக்கி 4,95,631.16.

மூன்றாம் மாதம். வட்டி 4,956.31. அசலுக்கு 2,217.24. பாக்கி 4,93,413.92.

அசலுக்குப் போகும் தொகையை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 2,173.55, 2,195.29, 2,217.24. ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட ஒரு சதவீதம் கூடுகிறது. கடனுக்கு மாதம் எத்தனை சதவீதம் வட்டியோ, அதே வேகத்தில் நாம் அசலைக் கரைக்கும் திறனும் வளர்கிறது. தொடக்கத்தில் அது சின்னதாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. ஓராண்டு அறிக்கையில் காணாமல் போன ஐம்பத்தெட்டாயிரம், பெரிய பாக்கிக்கு மாதாமாதம் விழுந்த வட்டி. திருட்டு எதுவும் நடக்கவில்லை. வட்டியை முதலில் எடுத்துக்கொள்ளும் விதியும், தொடக்கத்தில் பாக்கி பெரிதாக இருப்பதும் சேர்ந்து செய்த வேலை அது.

ஓர் எண், ஒரு விதி, 120 சுற்று

மேலே கையால் செய்தது உண்மையில் ஒரு கணினி நிரல். ‘பாக்கி’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். அந்தப் பெயருக்குள் இருக்கும் எண் மாதாமாதம் மாறியது. இப்படி, பெயர் நிலையாகவும் உள்ளிருக்கும் மதிப்பு மாறிக்கொண்டும் இருப்பதைக் கணினித் துறையில் மாறி என்கிறார்கள். ஒரே வேலையை இத்தனை முறை செய் என்று கட்டளையிடுவது மடக்கு. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று குழப்பமில்லாமல் எழுதிவைத்த வரிசை நெறிமுறை. நிரல் எழுதக் கற்கும் எந்த மாணவரும் முதல் சில வாரங்களில் சந்திப்பது இந்த மூன்றையும்தான்.

மளிகைக் கடையின் பற்று நோட்டில் பழைய பாக்கியை அடித்துவிட்டுப் புதிய பாக்கியை எழுதுவார்கள் அல்லவா, மாறியும் அப்படித்தான். புது எண் வந்ததும் பழையது போய்விடும். இதில் கடன்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அடுத்த மாத வட்டியைக் கணக்கிட அந்த விதிக்குத் தேவைப்படுவது இன்றைய பாக்கி மட்டுமே. இதுவரை நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை ஆண்டு ஒழுங்காகக் கட்டினீர்கள் என்பதெல்லாம் வட்டிக் கணக்குக்குள் வருவதே இல்லை. பாக்கியைக் குறைத்தால் வட்டி குறையும். வட்டி விகிதம் மாறாதவரை வேறு எதனாலும் அது குறையாது.

மடக்கை 120 சுற்றும் ஓடவிட்டால் கடனின் முழு வாழ்க்கையும் தெரிந்துவிடும். முதல் 51 மாதங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. 52-வது மாதத்தில்தான் அசலுக்குப் போகும் பங்கு வட்டியை முந்துகிறது. ஐந்து ஆண்டு முடியும்போது காலத்தில் பாதி கழிந்திருக்கும். பாக்கியோ இன்னும் 3,22,487 ரூபாய். கடன் பாதியாவது 77-வது மாதத்தில். அதன் பிறகு பாக்கி மளமளவென்று இறங்குகிறது. கடைசித் தவணையில் வட்டி 71 ரூபாய்தான்.

7,173 எப்படி வந்தது?

தவணைத் தொகையை நேரடியாகத் தரும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. அது இல்லாமலேயே நாம் கண்டுபிடிக்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதோடு, வேறு நூறு கேள்விகளுக்கும் இதே வழி உதவும்.

ஏதாவது ஒரு தொகையை ஊகித்து, மடக்கை ஓடவிட்டு, 120-வது மாதம் பாக்கி என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். முதல் ஊகம் 5,000. முதல் மாத வட்டியே 5,000 என்பதால் தவணை மொத்தமும் வட்டிக்குப் போய்விடும். நூறு ஆண்டு கட்டினாலும் ஐந்து லட்சம் ஐந்து லட்சமாகவே நிற்கும். எனவே 5,000 போதாது. அடுத்து 10,000. எழுபதாவது மாதத்திலேயே கடன் தீர்ந்துவிடுகிறது. எனவே இது அதிகம். விடை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

நடுவில் உள்ள 7,500-ஐப் போட்டுப் பார்த்தால் 111-வது மாதம் முடிகிறது, இதுவும் அதிகம். 5,000-க்கும் 7,500-க்கும் நடுவே 6,250: பத்து ஆண்டு முடிவில் இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் பாக்கி நிற்கிறது. குறைவு. அடுத்த நடு 6,875: இப்போது 68,677 ரூபாய் பாக்கி. இன்னும் குறைவு. அதற்கடுத்த நடு 7,187.50: சுமார் 3,200 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்போம். கொஞ்சம் அதிகம். விடையை நெருங்கிவிட்டோம்.

இதைப் பாதித்தேடல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊகமும் மீதமுள்ள இடைவெளியைப் பாதியாக்குகிறது. 5,000 ரூபாய் இடைவெளியில் தொடங்கினால், பத்து முறை பாதியாக்கினாலே ஐந்து ரூபாய்க்குள் வந்துவிடும். பதின்மூன்று முறையில் ஒரு ரூபாய்க்குள். பத்தொன்பது முறையில் ஒரு பைசாவுக்குள். ஒவ்வொரு ஊகத்துக்கும் 120 சுற்று என்றால் மொத்தம் 2,280 சுற்று. மனிதருக்கு அது பல நாள் வேலை. கைப்பேசிக்கு ஒரு நொடிகூட ஆகாது. பல லட்சம் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும் பட்டியலில் ஒரு பெயரைக் கணினி சட்டென்று கண்டுபிடிப்பதும் இதே உத்தியால்தான்.

இன்னொன்றும் இதில் தெரியவருகிறது. தவணையை மாதம் ஒரே ஒரு ரூபாய் குறைத்தால் 120 மாத முடிவில் எவ்வளவு பாக்கி நிற்கும்? 120 ரூபாய் என்றுதான் தோன்றும். உண்மையில் 230 ரூபாய் நிற்கும். குறைத்த ஒவ்வொரு ரூபாயும் எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் வட்டி சேர்த்துக்கொண்டே போகிறது.

கரும்பலகையை அழித்து அழித்து

இந்த வேலைக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், வகுப்பில் கரும்பலகைக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் கட்டமாக எண்களை எழுதிப் போட்ட பேராசிரியர், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தை மாற்றியதும் மற்றவை தாமாக மாறிக்கொள்ளும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் யோசித்தார். பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க், 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. அந்த ஒரு மென்பொருளுக்காகவே அந்தக் கணினியை வாங்கிய வணிகர்கள் உண்டு. இன்றைய எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள்களெல்லாம் அதன் வழிவந்தவை.

விரிதாளில் நம் கடனைப் போட நான்கு பத்தி போதும்: வட்டி, தவணை, அசலுக்குப் போனது, பாக்கி. முதல் மாத வரிசையை விதிப்படி எழுதிவிட்டு, இரண்டாம் மாதத்தின் வட்டிக் கட்டத்தில் ‘மேலே உள்ள பாக்கியில் நூற்றில் ஒன்று’ என்று குறித்து, அந்த வரிசையைக் கீழ்நோக்கி 120 வரை இழுத்துவிட்டால் கடனின் முழு அட்டவணையும் வந்துவிடும். வட்டி விகிதத்தை ஒவ்வொரு வரிசையிலும் எழுதாமல் மேலே தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 12 என்பதை 10 ஆக்கினால் என்னவாகும் என்பதை உடனே பார்க்கலாம். இலவச மென்பொருளிலும், கைப்பேசியிலும்கூட இதைச் செய்யலாம். கல்லூரியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது இதைத் தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் அட்டவணையும் வங்கி அறிக்கையும் சில ரூபாய் வேறுபடலாம். பல வங்கிகள் வட்டியை அன்றாடப் பாக்கிக்குக் கணக்கிடுகின்றன. அப்போது 31 நாள் மாதத்துக்கு வட்டி சற்றுக் கூடும், பிப்ரவரிக்குக் குறையும். அன்றாடக் கணக்கு நமக்கு நன்மையும் செய்திருக்கிறது. முன்பெல்லாம் சேமிப்புக் கணக்குக்கு, மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கு மட்டுமே வட்டி தந்தார்கள். பதினோராம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது. இருபதாம் தேதி கொஞ்சம் எடுத்தால், எடுத்தது போக இருந்ததற்குத்தான் வட்டி. பேரேட்டில் கையால் கணக்கெழுதிய காலத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு நாளும் வட்டி போட முடியாது என்பதால் வந்த ஏற்பாடு அது. கிளைகள் கணினிமயமான பிறகு, 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. சாதாரண மக்களின் சேமிப்புக்குக் கணினி நேரடியாகத் தந்த லாபம் என்றே இதைச் சொல்லலாம்.

பத்துப் பைசாவை எழுத முடியாத இயந்திரம்

பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.3 என்று விடை வராது. 0.30000000000000004 என்று வரும். இது பழுதல்ல. கணினி எல்லா எண்களையும் 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் எழுதுகிறது. இந்த இருநிலை முறையில் அரை, கால், அரைக்கால் போன்றவற்றைத் துல்லியமாக எழுதலாம். பத்தில் ஒன்றை எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போவதுபோல், பத்தில் ஒன்று கணினிக்கு முடிவில்லாத எண். எங்காவது வெட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ரூபாயின் பின்னமாக எழுதினால், ஒரு பைசா முதல் 99 பைசா வரை கணினி துல்லியமாக எழுதக்கூடியவை 25, 50, 75 ஆகிய மூன்று மட்டும்தான்.

பணம் கையாளும் மென்பொருள் எழுதுவோர் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ரூபாயில் எழுதாமல் பைசாவில் எழுதுவது. 4,97,826.45 ரூபாய் என்பது 4,97,82,645 பைசா. முழு எண்ணானதும் சிக்கல் தீர்ந்தது. பதின்ம முறையிலேயே கணக்கிடும் தனி வகை எண்களைப் பயன்படுத்துவோரும் உண்டு.

வட்டி கணக்கிடும்போது அரைப் பைசா, கால் பைசா வரும். அதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நம் இரண்டாம் மாத வட்டி உண்மையில் 4,978.2645 ரூபாய். அருகிலுள்ள பைசாவுக்கு மாற்றி 4,978.26 என்று வைத்துக்கொண்டோம். சில மாதம் மேலே போகும், சில மாதம் கீழே போகும். மொத்தத்தில் பெரிதாகச் சேராது. எப்போதும் கீழ்நோக்கியே வெட்டினால்தான் ஆபத்து. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் அப்படி நடந்தது. 1982 ஜனவரியில் 1000 என்ற மதிப்பில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வணிகத்துக்குப் பிறகும் கணினி அதைத் திரும்பக் கணக்கிட்டு, மூன்று தசம இடங்களுக்குப் பின் உள்ளதை வெட்டி எறிந்தது. தினமும் ஆயிரக்கணக்கான வெட்டு. சந்தை நன்றாக இருந்தும் குறியீடு இறங்கிக்கொண்டே வந்து, 1983 நவம்பரில் 524 அளவுக்குப் போய்விட்டது. தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அது 1098-ஐத் தாண்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருபத்திரண்டு மாதத்தில் பாதி மதிப்பைத் தின்றிருந்தன.

உங்கள் கடனில் கடைசித் தவணை மட்டும் வேறு தொகையாக இருப்பதற்கும் காரணம் இந்த முழுமையாக்கல்தான். வங்கி 7,173.55-ஐ 7,174 என்று முழு ரூபாயாக்கினால், மாதம் அரை ரூபாய்க்கும் குறைவாகக் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அது வட்டியோடு சேர்ந்து கடைசித் தவணையை 104 ரூபாய் அளவுக்குக் குறைத்துவிடும்.

படிக்கும்போதே வளரும் கடன்

இதுவரை எளிமைக்காக ஒன்றை விட்டுவைத்தேன். கல்விக்கடனை வாங்கிய மறுமாதமே யாரும் கட்டத் தொடங்குவதில்லை. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுப்பு. பலர் அந்தக் காலத்துக்கு வட்டியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட்டி உண்டு, அப்போது தனி வட்டியாக, அதாவது வட்டிக்கு வட்டி இல்லாமல், ஓரமாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

நான்காண்டுப் படிப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் 1,25,000 வீதம் நான்கு முறை, மொத்தம் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 1,25,000-க்கும் ஆண்டு வட்டி 15,000. முதலில் வாங்கியதற்கு ஐந்து ஆண்டு வட்டி, 75,000. அடுத்தது 60,000, அதற்கடுத்தது 45,000, கடைசியாக வாங்கியதற்கு 30,000. ஆக 2,10,000. தவணை தொடங்கும் நாளில் பாக்கி ஐந்து லட்சம் அல்ல, 7,10,000. ஓரமாகச் சேர்ந்த வட்டி அன்று அசலோடு கலந்து தானும் வட்டி ஈட்டத் தொடங்கிவிடுகிறது. தவணை 10,186 ரூபாயாகிறது. மாதம் மூவாயிரம் ரூபாய் கூடுதல். பத்தாண்டில் சுமார் 3,61,500.

அந்த 2,10,000-ஐ விழும்போதே கட்டிவந்திருந்தால்? முதலாண்டு மாதம் 1,250 ரூபாய், இரண்டாமாண்டு 2,500, பிறகு 3,750, பிறகு 5,000. எல்லாக் குடும்பத்தாலும் முடியாது என்பது தெரியும். முடிந்தவர்கள் முதலாண்டு வட்டியை மட்டுமாவது கட்டிவரலாம். விடுப்புக் காலம் முழுவதும் வட்டியைக் கட்டிவருவோருக்கு வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகள் உண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தொழிற்படிப்புக்கான விடுப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தோடு அதற்கான வருமானச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தெரியாமல் இதைத் தவறவிடும் குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பிளாட் வட்டி

பைக் கடனிலும் கைப்பேசிக் கடனிலும் இன்னொரு கணக்கு நடக்கிறது. ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீதம் ‘பிளாட்’, இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 12,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 24,000 வட்டி. மொத்தம் 1,24,000-ஐ 24-ஆல் வகுத்தால் தவணை 5,167. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள் என்பதுதான் இதன் பொருள். குறையும் பாக்கிக்கு 12 சதவீதம் என்றால் தவணை 4,707 தான் வரும்.

இந்தப் பிளாட் கடனின் உண்மையான வட்டி என்ன? பாதித்தேடலை மறுபடி எடுங்கள். இம்முறை தவணையை 5,167 என்று நிலையாக வைத்துவிட்டு வட்டியை ஊகிக்க வேண்டும். 12 குறைவு, 24 அதிகம், 18 குறைவு, 21 குறைவு, 22.5 அதிகம். சில சுற்றில் 21.6-க்கு அருகே வந்து நிற்கும். பன்னிரண்டு என்று சொல்லி விற்றது ஏறக்குறைய இருபத்திரண்டு.

எப்போது கட்டுகிறோம் என்பது

கையில் 25,000 ரூபாய் போனஸ் வருகிறது. கடனில் போடலாமா? நம் ஐந்து லட்சக் கடனில் முதலாண்டு முடிவில் அதைப் போட்டால், 108 தவணை மீதி இருந்த இடத்தில் 99-ஆவதோடு முடிந்துவிடும். மிச்சமாகும் வட்டி சுமார் 45,000. அதே தொகையை 100-வது மாதத்தில் போட்டால் மிச்சம் சுமார் 5,000 தான். தொடக்கத்தில் கழித்த ரூபாய்க்குப் பல ஆண்டு வட்டி விழாது. கடைசியில் கழித்ததற்குச் சில மாத வட்டிதான் மிச்சம். போட்ட பிறகு தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தவணை குறைந்தால் மாதச் சுமை இலேசாகும், ஆனால் வட்டி மிச்சமும் பெருமளவு குறைந்துவிடும். மாறும் வட்டியில், வணிகம் அல்லாத தேவைக்குத் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவசரத்துக்கென்று சில மாதச் செலவுப் பணத்தைச் சேமிப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் இதற்கெல்லாம் இறங்க வேண்டும். இல்லையென்றால் திடீரென வரும் மருத்துவச் செலவுக்கு மூணு வட்டிக்காரரிடம் போய் நிற்க நேரும்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு ‘முக்கியத் தகவல் அறிக்கை’ ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே வங்கிகள் கொடுக்க வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்று ஓர் எண் இருக்கும். செயலாக்கக் கட்டணம், காப்பீடு போன்ற செலவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு சதவீதம் ஆகிறது என்பதை அது சொல்லும். பிளாட் என்று சொல்லப்பட்ட கடனின் நிஜ முகம் அதில்தான் தெரியும். கூடவே, கடன் தீரும் வரையான தவணை அட்டவணையும் இருக்க வேண்டும். அதை உங்கள் விரிதாளுக்குப் பக்கத்தில் வைத்து முதல் வரிசையைப் பாருங்கள். பாக்கியை மாத வட்டியால் பெருக்கினால் அவர்கள் போட்ட வட்டி வருகிறதா? சில ரூபாய் வேறுபாடு என்றால் நாள் கணக்கும் முழுமையாக்கலும் காரணமாக இருக்கும். ஆயிரக்கணக்கில் வேறுபட்டால், கட்டணம் எதையாவது அசலோடு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.